பார்ப்பவளின் சம்பளம்

ஸ்கந்தபுரம்
15.02.2004

அன்பு மருமகள் சிவதர்சினிக்கு,

நீ மார்கழியில் போட்ட கடிதம் தை கடைசியில்தான் கைக்கு வந்தது. இங்கே நான் இருக்கிறேன், மாமாவும் இருக்கிறார். பாரிசவாதத்தில் விழுந்த அவருக்கு இடப்பக்கம் இன்னும் வரவில்லை. வாய் மட்டும் முன்னையைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஒரு நோயாளியைப் பராமரிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் அரசாங்கம் தருகிறது என்று எழுதியிருந்தாய். அதை இரண்டு தரம் வாசித்தேன். சங்கக் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது பக்கத்து வீட்டுக் கமலாட்சியும் வரிசையில் நின்றாள். நான் சும்மா சொல்லி வைத்தேன்.

"அரசாங்க உத்தியோகமோ? அப்ப பென்சனும் வருமே?" என்று கேட்டாள்.

"வராமல் என்ன" என்று சொல்லிவிட்டேன். வருமா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் எடுத்தவர் ஒருவரும் இல்லை. மாமா விழுந்த வருடம் கிராமத்து விதானையார் வந்து, "அக்கா, பிச்சைச் சம்பளத்துக்கு எழுதட்டோ" என்று கேட்டார். என் மனுசனைப் பார்க்க எனக்கு ஒருவரும் படி அளக்கத் தேவையில்லை என்று சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன். நீ வேற்று ஆளைப் பார்த்து உழைக்கிறாய். அது மரியாதையான காசு.

எனக்கு ஒரே மனக்குறை. என் பிள்ளை தயாபரன் போன ஆனி மாதத்துக்குப் பிறகு ஒரு முறையும் தொலைபேசியில் வரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு கிளிநொச்சிக்கு பஸ் ஏறிப் போய், கொமினிக்கேசன் கடைக்காரனின் கதிரையில் மத்தியானம் வரை இருந்துவிட்டு வருகிறேன். கடைக்காரன் இப்போது என்னைக் கண்டால் தானாகவே கதிரையை இழுத்துப் போடுகிறான். இரவு வேலை என்று நீ எழுதுகிறாய். இரவு வேலை செய்கிறவனுக்குப் பகல் இல்லையா? ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே எழுதுகிறேன். ஏ.எல். படித்தவனுக்கு இரண்டு வரி எழுதக் கை வரவில்லையா?

நோயாளியைக் கவனமாகப் பார். மாமாவை வைத்துப் பழகிய எனக்குத் தெரியும். எதுவும் தெரியாவிட்டால் கேள்.

மாமி
அன்னபாக்கியம்


லண்டன்
28.03.2004

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் சுகம். ஆரணி உங்கள் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்து, "ஏன் அப்பம்மா எல்லாத்தையும் சேத்துச் சேத்து எழுதுறா" என்று கேட்கிறாள்.

பென்சன் வராது மாமி. இது அப்படியான உத்தியோகம் இல்லை. தயவுசெய்து ஊரில் பெரிதாகச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகன் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார். அம்மா வெயிலில் கிளிநொச்சிக்கு அலைய வேண்டாம் என்றார். நேரம் வரும்போது தானே எடுப்பார்.

நீங்கள் கேட்கச் சொன்னபடியால் கேட்கிறேன். நான் பார்க்கிற நோயாளி ஆண். பாரிசவாதம். வலப்பக்கம் விளங்காது, கதை குழறும். உயரமான ஆள், நல்ல பாரம். தனியே அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாமல் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து வருகிறது. தாதி வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவா. மற்ற நேரமெல்லாம் நான்தான், இரவிலும் நான்தான். இதோடு பள்ளிக்கூடக் குசினியில் வாரத்துக்குப் பதினாறு மணித்தியாலம் சமையல் வேலை செய்கிறேன். அதற்குமேல் உழைத்தால் பராமரிப்புப் பணத்தை நிற்பாட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. அவர் சில நாளில் சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிடுகிறார். பிறகு அழுகிறார். அப்போது நான் என்ன சொல்ல வேண்டும்?

அன்புடன்
சிவதர்சினி


ஸ்கந்தபுரம்
06.06.2004

அன்பு மருமகளுக்கு,

முதலில் தோல் சிவந்ததற்குச் சொல்கிறேன். அதை விட்டால் புண்ணாகும், புண் எலும்பு வரை போகும். ஒரு பக்கமாக அதிக நேரம் படுக்க விடாதே. உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போடு. முழங்காலை மடக்கு. சாரத்தின் அந்தப் பக்கத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, உன் உடம்பைப் பின்னால் சாய். ஆள் தானாக உன் பக்கம் வரும். கையால் தூக்கப் போகாதே, நாரி போய்விடும், பிறகு நிமிர ஏலாது. குதிக்காலுக்குக் கீழே துணிச்சுருள் வை.

கோப்பையைத் தட்டினால் நீயும் கோபி. பாவம் பார்த்து மெல்லக் கதைத்தால்தான் அவர்களுக்குச் சாக வேண்டும்போல இருக்கும். நான் மாமாவோடு நாளுக்கு ஒரு சண்டையாவது பிடிப்பேன். போன கிழமை சோற்றைத் துப்பினார். "துப்புங்கோ, நாய்க்குப் போடுறன், அது நன்றியோடை தின்னும்" என்றேன். அரை மணித்தியாலம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "குழம்பு கிடக்கோ?" என்று கேட்டார்.

வீட்டில் வைத்து ஆளைப் பார்க்க அரசாங்கம் காசு கொடுக்கிறது என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நீ அங்கை பிறந்திருந்தால் என்னைப் படுக்கவைச்சே மாடிவீடு கட்டியிருப்பாய்" என்கிறார்.

எனக்கு விளங்காதது ஒன்று. அந்த மனுசனுக்குப் பெண்சாதி இல்லையா? இருந்தால் அவள் எங்கே போனாள்? கட்டினவன் படுக்கையில் கிடக்க, இன்னொருத்தியைச் சம்பளத்துக்கு வைத்துத் துடைக்கக் கழுவ விட்டுவிட்டு, அவள் எந்த முகத்தோடு பொட்டு வைத்துக்கொண்டு திரிகிறாள்? அவளைக் கண்டால் நான் கேட்டதாகக் கேள்.

தயாபரன் இன்னும் எழுதவில்லை. உனக்கு வயது வந்த பிள்ளைகள் இல்லை, இருந்தால் தெரியும்.

மாமி


லண்டன்
02.10.2004

மாமிக்கு,

சாரம் போட்டுப் புரட்டியது சரிவந்தது. தோல் ஆறிவிட்டது. அதற்கு நன்றி.

அந்த மனுசியைப் பற்றி இனி அப்படி எழுதாதீர்கள். அவளை எனக்குத் தெரியும். அவள் எங்கேயும் திரியவில்லை.

இந்த முறை பணம் அனுப்ப முடியவில்லை. அடுத்த முறையும் முடியாது. காரணத்தை எழுதாவிட்டால் வேறு விதமாக நினைப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். இங்கே உழைப்பு குறைந்த குடும்பங்களுக்கு ரக்ஸ் கிரெடிட் என்று ஒரு பணம் கொடுப்பார்கள். பெயரில் வரி இருந்தாலும் நாங்கள் கட்டுவது இல்லை, அவர்கள் தருவது. பிள்ளைகளின் சாப்பாடும் உடுப்பும் அதில்தான். வீட்டுக்கு வருகிற வருமானத்தைப் பார்த்து அதைக் கூட்டிக் குறைப்பார்கள். நோயாளியைப் பார்க்க எனக்கு வருகிற பணத்தையும் வருமானமாகச் சேர்க்க வேண்டுமாம். நான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். இப்போது கண்டுபிடித்து, முன்னம் கூடுதலாகத் தந்துவிட்டோம் என்று சொல்லி, பிள்ளைகளின் பணத்தில் கழிக்கிறார்கள். அடுத்த வருடம் வரை கழிப்பார்கள்.

மாமாவின் மருந்துக்கு என்ன செய்வீர்கள் என்று யோசித்து நித்திரை இல்லை. என் தோட்டை அனுப்பினால் கோபிப்பீர்களா?

சிவதர்சினி


ஸ்கந்தபுரம்
21.11.2004

சிவதர்சினிக்கு,

தோடு வேண்டாம். மாமாவின் மருந்துக்கு நெல் விற்றேன்.

அரசாங்கம் தருகிற சம்பளத்தை அரசாங்கத்துக்கே ஒளித்தாய் என்றால் அது என்ன கதை என்று என் மூளைக்கு ஏறவில்லை. கமலாட்சியின் அண்ணன் மகன் லண்டனிலிருந்து வந்து நிற்கிறான். அவனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து உன் கடிதத்தைக் காட்டினேன்.

"ஆச்சி, இது உத்தியோகம் இல்லை. வீட்டிலை தங்கடை ஆக்களைப் பாக்கிறவைக்குக் குடுக்கிற காசு" என்றான்.

"தங்கடை ஆக்கள் எண்டால் ஆர்?"

"தாய், தேப்பன், வருத்தக்காரப் பிள்ளை. இல்லாட்டிப் புருசன்…" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான்.

உன் வீட்டில் படுத்திருப்பது யார்?

அன்னபாக்கியம்


லண்டன்
12.12.2004

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் ஒன்றுதான். எங்கள் வீட்டில் படுத்திருப்பது உங்கள் மகன்.

போன வருடம் ஆனியில், பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடிகிற நேரம் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறந்து, வாய் கோணியபடி முதலில் குழறியது உங்களைப் பற்றித்தான். "அம்மாட்டைச் சொல்லாதை. அங்கை ஒண்டு படுக்கையிலை கிடக்கு. அவாவுக்கு அந்தப் பாடே காணும்." நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவரது கதை உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் தொலைபேசியில் வரவில்லை. எழுதுகிற கை வலக்கை.

வேலை கிடைத்தது என்று எழுதியதற்கு என்னால் நியாயம் சொல்ல முடியாது. பணம் அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்பீர்கள். அனுப்பினால், அவர் உழைக்காமல் எங்கிருந்து என்ற கேள்வி ஒரு நாள் வரும். அதனால் பாதி உண்மையை எழுதினேன்.

மற்றதும் சொல்லிவிடுகிறேன். ரக்ஸ் கிரெடிட் கந்தோர் வருடத்துக்கு ஒரு தரம் படிவம் அனுப்பி வீட்டு வருமானத்தைக் கேட்கும். பள்ளிக்கூடக் குசினிச் சம்பளத்தை எழுதினேன். பராமரிப்புப் பணத்துக்கான பெட்டி வந்தது. உங்களுக்கு அதைச் சம்பளம் என்று எழுதிய அதே கை, அங்கே எழுத மறுத்தது. கட்டின மனுசனைத் துடைத்து, கழுவி, ஊட்டுவதை வருமானம் என்று எப்படி எழுதுவேன்? வெறுமையாக விட்டேன். நான் ஒளிக்கவில்லை மாமி. வெட்கப்பட்டேன். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவருடைய பெயரில் வருகிற நோயாளிப் பணத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பார்க்கிறவளுக்கு வருவதைத்தான் எடுக்கிறார்கள். படுத்திருப்பவருக்குக் கொடுப்பது உதவி, பார்க்கிறவளுக்குக் கொடுப்பது வருமானம். ஏன் என்று கேட்டேன். சட்டம் அப்படி என்றார்கள்.

உங்கள் பொட்டுக் கதையை வாசித்த அன்றைக்கு நான் பொட்டு வைத்திருந்தேன். அழித்துவிட்டு, பிறகு திரும்ப வைத்தேன். அவர் உயிரோடு இருக்கிறார்.

சிவதர்சினி


ஸ்கந்தபுரம்
20.02.2005

சிவதர்சினிக்கு,

முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளியது உனக்குத் தெரியும். கமலாட்சியின் சொந்தக்காரி ஒருத்தி மூன்று பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு அவள் வீட்டில் வந்து இருந்தாள். அவளுக்குக் கஞ்சி பருக்கிவிட்டு வந்த அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. அதனால் நான் கத்தி அழவில்லை.

மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். "வலப்பக்கம்" என்றேன். "எனக்கு இடம். ரெண்டு பேரையும் சேத்தால் ஒரு முழு ஆள்" என்றார். அன்று சோறும் துப்பவில்லை.

யாரோ ஒருவன் என்று நினைத்து என் பிள்ளைக்கு நான் வைத்தியம் எழுதினேன். யாரோ ஒருத்தி என்று நினைத்து உன்னை ஏசினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ சொல்லியிருந்தால் ஏசியிருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று நெஞ்சுக்குள் முள்ளாக நிற்கிறது, எழுதாமல் விட ஏலாது. நான் இங்கே ஒரு சதம் வாங்காமல் என் மனுசனைப் பார்க்கிறேன். நீ என் பிள்ளையைப் பார்க்கக் கூலி வாங்குகிறாய். பெருமையாக ஊருக்குச் சொன்ன அரசாங்கச் சம்பளம் என் பிள்ளை படுத்துக் கிடக்கிற சம்பளம். அந்தக் காசில் மாமாவுக்கு மருந்து வாங்கினேன், எனக்குச் சீலை வாங்கினேன். அந்தச் சீலையை இனி உடுக்க மாட்டேன்.

அவனை இங்கே கொண்டுவந்து விடு. ஒன்றுக்கு இரண்டாக நான் பார்ப்பேன். எனக்கு ஒருவரும் கூலி தர வேண்டாம். சமாதான காலம், பாதை திறந்திருக்கிறது. நீ உன் பிள்ளைகளைப் பார்.

அன்னபாக்கியம்


லண்டன்
10.04.2005

மாமிக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கூலி என்ற இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்தேன்.

அடுத்த நாளே கந்தோருக்கு எழுதி அந்தப் பணத்தை நிற்பாட்டிவிட்டேன். ஊரில் இனி நீங்கள் என்னைப் பற்றி என்னவும் சொல்லலாம், கூலிக்காரி என்று மட்டும் சொல்ல முடியாது. அது நின்றதும் பிள்ளைகளின் பணம் கொஞ்சம் கூடும் என்றார்கள். கூடுவது போனதுக்குக் கிட்டவும் வராது. அப்படியென்றால் நான் முழுநாள் வேலைக்குப் போக வேண்டும். போனால் அவரைப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே நீங்கள் சொன்னதுதான் வழி.

தோட்டையும் மிச்ச நகையையும் விற்று ஆடிக் கடைசிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பிள்ளைகளும் வருகிறார்கள். அவரை உங்களிடம் விட்டுவிட்டு நாங்கள் ஆவணியில் திரும்புவோம். நாலு கிழமைக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் பராமரிப்புப் பணம் நின்றுவிடும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. நான்தான் அதை விட்டுவிட்டேனே.

ஒன்று மட்டும். இரண்டு வருடம் படுத்ததில் அவர் இன்னும் பாரமாகிவிட்டார். தொண்ணூறு கிலோ வரும். மாமாவைப்போல என்று நினைத்துவிடாதீர்கள்.

அவரைக் கேட்டேன். "அம்மா கூப்பிட்டால் போறன்" என்றார். எந்த முகத்தோடு சொன்னார் என்று பார்க்கவில்லை. அப்போது அவருடைய கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

சிவதர்சினி


ஸ்கந்தபுரம்
12.06.2005

அன்பு மருமகளுக்கு,

நெல் போட்டு வைக்கிற அறையை ஒதுக்கி, வெள்ளை அடித்து, கட்டில் போட்டேன். இரண்டு அறைக்கும் நடுவே நான் பாய் போட்டுப் படுத்தால் இரண்டு பேர் கூப்பிடுவதும் கேட்கும் என்று திட்டம்.

எங்கள் வயலுக்கு உழவு மெசின் ஓட்டுகிற சங்கிலி என்று ஒருவன் இருக்கிறான். உயரம் தயாபரனின் உயரம், பாரமும் கிட்டத்தட்ட அதுதான். போன வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டு அந்தக் கட்டிலில் படுக்கச் சொன்னேன்.

"எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே ஆச்சி."

"வாயை மூடிக்கொண்டு கிட. வலக் கையும் வலக் காலும் உனக்கு இல்லை எண்டு நினை."

சாரத்தை நாலாக மடித்துப் போட்டேன். முதல் தரம் இழுத்தபோது அவன் சிரித்தான். "கிச்சுக் காட்டாதேங்கோ ஆச்சி" என்றான். இரண்டாம் தரம் தோள் வந்தது, இடுப்பு வரவில்லை. மூன்றாம் தரம் நாரி பிடித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்தபடி நின்றேன். அவன் சிரிப்பை நிற்பாட்டிவிட்டான். பிறகு தானாகவே மற்றப் பக்கம் புரண்டு, "பாருங்கோ ஆச்சி, திரும்பிட்டன்" என்றான்.

"நீ திரும்புவாய். அவன் திரும்ப மாட்டான்" என்றேன்.

மாமா அடுத்த அறையில் கிடந்து, "என்னை நீ தூக்கிறது உன்ரை பலம் எண்டு நினைச்சியோ? நான் வத்திப் போனன்" என்கிறார். உண்மைதான். மாமா இப்போது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பாரம்.

இரண்டு வருடமாக நீ தனியே இதைச் செய்திருக்கிறாய். எழுதிய சொல்லை நான் திரும்ப எடுப்பதில்லை. கூலிதான். ஆனால் எங்கள் வயலில் அறுவடைக்கு அருவி வெட்ட வந்தவர்களை ஒரு நாளும் கூலி கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை. வாங்கிக்கொண்டு போனவர்களைக் குறைவாக நினைத்ததும் இல்லை. உன்னை மட்டும் ஏன் நினைத்தேன் என்று யோசித்தேன். எனக்கு ஒருவரும் தரவில்லை என்ற எரிச்சல்தான் அது. விதானையாரை அனுப்பிவிட்டேன் என்று பெருமை பேசினேனே, அவர் வாசல் படலையைத் தாண்டுகிற வரைக்கும் திரும்பக் கூப்பிடுவோமா என்று நின்று பார்த்ததை உனக்கு எழுதவில்லை.

அந்தப் பணத்துக்குத் திரும்ப எழுதிப் போடு. பிள்ளைகளின் பணம் தருகிற கந்தோருக்கும் மறைக்காமல் எழுது. குறைத்தால் குறைக்கட்டும். நாலு கிழமை வந்து நின்றுவிட்டு, அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போ. நாலு கிழமையும் அவனை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து புரட்டுவோம்.

மாமி


லண்டன்
09.10.2005

அன்புள்ள மாமிக்கு,

வந்து சேர்ந்த பிறகு பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். அதுதான் எழுதப் பிந்திவிட்டது.

பராமரிப்புப் பணம் திரும்ப வரத் தொடங்கிவிட்டது. இந்த முறை ரக்ஸ் கிரெடிட் கந்தோருக்கு அதையும் வருமானமாக எழுதினேன். பிள்ளைகளின் பணம் கொஞ்சம் குறைந்தது. குறைந்தாலும் வருவது நிச்சயமாக வருகிறது. திரும்பக் கழிப்பார்கள் என்ற பயம் இல்லை. மாமாவின் மருந்துக்கு இதோடு சிறிது அனுப்புகிறேன். வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த நாலு கிழமையில் அவரை நான் பல காலத்துக்குப் பிறகு சிரிக்கக் கண்டேன். மாமாவையும் அவரையும் மரநிழலில் கதிரைகளில் இருத்திவிட்டு நாங்கள் குசினிக்குள் நின்றபோது, மாமா கேட்டாரே, "தம்பி, உன்ரை வலக்கையைக் கொஞ்சம் தா, முதுகு கடிக்குது" என்று. இவர், "அதைத்தான் அப்பு நானும் தேடுறன்" என்றார். அந்தச் சிரிப்பை நான் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இங்கே வந்ததிலிருந்து அவர் உங்கள் பெயரை எடுப்பதில்லை. வெளிக்கிட்ட அன்று காலை அவர் உங்கள் கையைப் பிடித்து, "நான் இங்கையே நிக்கிறன் அம்மா" என்று கேட்டார். நீங்கள் கையை இழுத்துக்கொண்டு, "என்னாலை உன்னைத் தூக்க ஏலாது. போ" என்றீர்கள். காலையும் மாலையும் தான் வந்து புரட்டிவிடுவதாகச் சங்கிலி சொன்னான். அவர் நிற்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன், பணத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதற்கும் நீங்கள் சங்கிலியை ஏசித் துரத்தினீர்கள். எங்களை ஏற்றிய வான் வெளிக்கிட்டபோது படலைக்கும் வரவில்லை.

"அம்மாவுக்கு நான் பாரம்" என்று நேற்றுத்தான் சொன்னார். அது அவர் வாயில் குழறாமல் வருகிறது. நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். நீங்கள்தானே அவர் வேண்டும் என்று முதலில் கேட்டவர்.

அன்புடன்
சிவதர்சினி


ஸ்கந்தபுரம்
18.12.2005

அன்பு மருமகளுக்கு,

பணம் கிடைத்தது. வாங்கினேன். மருந்துக்குப் போக மிச்சத்தில் மாமாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை எடுத்தேன்.

இதைத் தபாலில் போடாமல், கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். இனித் தபால் எப்படியோ தெரியாது. இங்கே சனம் திரும்பவும் பதுங்குகுழி வெட்டுகிறது. நீங்கள் நின்றபோதே வளவுக்குப் பின்னால் எங்கள் பழைய குழியைச் சங்கிலி துப்புரவாக்கினான். பிள்ளைகள் கேட்டபோது வாழை நட என்று சொல்லி வைத்தேன். நாலு வருடமாக வெடிச்சத்தம் இல்லாமல் இருந்து பழகிவிட்டோம். ஆனாலும் எத்தனையோ தரம் ஓடின எனக்கு, அது வருகிற மணம் கொஞ்சம் முந்தியே தெரியும்.

முன்னம் ஓடின காலங்களில் மாமா எனக்கு முன்னால் நடந்தார், தலையில் மூட்டையோடு. நான் அவரது முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இனி ஓடினால் மெசின் கிடைக்குமோ, மாட்டு வண்டில் கிடைக்குமோ தெரியாது. சங்கிலி வருவேன் என்கிறான். நல்லவன். அவனுக்கும் பெண்சாதியும் மூன்று குஞ்சுகளும் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவனவன் தன் ஆட்களைத்தான் தூக்குவான், அதில் குற்றம் இல்லை. அப்போது இந்த வீட்டில் படுக்கையில் கிடக்கிற ஆள் இரண்டு பேர், நிற்கிறவள் நான் ஒருத்தி.

தூக்க ஏலாது என்று தம்பி தயாபரனுக்குச் சொன்னது பொய் பிள்ளை. சங்கிலியைக் கட்டிலில் போட்டு இழுத்த அன்றைக்கு ஏலாமல் போனது. அது சும்மா ஒரு வெள்ளிக்கிழமை. செல் விழுந்து வெடிக்கிற நாளில் ஏலும். நாரி முறிந்தாலும் சாரத்தில் போட்டு இழுத்துக்கொண்டாவது போவேன். நாலு கிழமையும் இரவில் பாயில் கிடந்து, முதலில் எந்த அறைக்குப் போவேன் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் என் கால் தம்பியின் அறைக்குத்தான் போனது.

அடுத்த அறையில் மாமா கிடப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நாற்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்த மனுசனை அப்படி விட்டுவிட்டுப் போகிறவளாக என்னை ஆக்க வேண்டாம் என்றுதான் தம்பியைப் போகச் சொன்னேன். படலைக்கு வந்திருந்தால் நில் என்று சொல்லியிருப்பேன். அதனால் வரவில்லை.

இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டாதே. பாரம் என்று நினைக்கட்டும், கோபமாக இருக்கட்டும். உன் பக்கத்தில் இருந்துகொண்டு கோபிக்கட்டும்.

மாமா கட்டிலில் கிடந்தபடி, "இவ்வளவு நேரமாய் என்னத்தை எழுதிறாய்?" என்று கேட்கிறார். மழை பெய்ததை எழுதுகிறேன் என்றேன்.

இங்கே மாரி மழை நன்றாகப் பெய்தது. வயல் எல்லாம் பச்சை.

மாமி
அன்னபாக்கியம்